குனிந்தால் ஓடும் நாய்: பயந்த தெருநாயை மீட்டுப் பழக்க ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங் சந்தைப் பக்கம் ஏதாவது ஒரு பின்சந்தில் காலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பத்து மீட்டர் தள்ளி ஒரு நாய் படுத்திருக்கும். நீங்கள் நடந்து கடந்தால் அசையாது. செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தால் போதும், எழுந்து ஓடிவிடும். குனிகிற மனிதன் கல்லைத்தான் எடுப்பான் என்று அதற்குத் தெரியும். யாரோ எடுத்திருக்கிறார்கள்.

பினாங்கில் சில ஆண்டுகளாக இப்படிப்பட்ட நாய்களை மீட்டு, பழக்கி, வீடு தேடிக் கொடுத்து வருகிறேன். புதிதாக இதில் இறங்குபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “அக்கா, எப்படிப் பிடிக்கிறது?” என்பதுதான். பிடிப்பது ஒரு நாள் வேலை. அதற்கு முன்னும் பின்னும் இருப்பதுதான் பெரிய வேலை. பயந்த நாயை நாம் நெருங்கக் கூடாது, அது நம்மை நெருங்க வேண்டும். இந்த ஒன்றை மனதில் பதித்துக்கொண்டால் கீழே சொல்வதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் ஒரு வாரம் பாருங்கள்

கண்ட அன்றே தூக்கிவரத் தோன்றும். பொறுங்கள். அந்த நாய் எங்கே தூங்குகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, எந்த வழியாக ஓடுகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். கழுத்தில் பட்டை இருந்த தடம் தெரிகிறதா? வீட்டிலிருந்து தொலைந்ததாகவோ விடப்பட்டதாகவோ இருக்கலாம். காது நுனி நேராக வெட்டப்பட்டிருக்கிறதா? ஏற்கெனவே கருத்தடை செய்து திரும்ப விட்ட நாய். பெண் நாய்க்கு முலைக்காம்பு தொங்கி, பால் கட்டியிருக்கிறதா? பக்கத்தில் எங்கோ குட்டிகள் இருக்கின்றன. தாயை மட்டும் தூக்கினால் குட்டிகள் பட்டினியில் செத்துப்போகும்.

அந்தச் சந்தில் சோறு வைப்பவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். கோப்பிக்கடையில் பாத்திரம் கழுவும் ஆன்ட்டியாக இருக்கலாம், காவலாளியாக இருக்கலாம். அவரைக் கண்டுபிடித்துப் பேசுங்கள். நாய் எந்த வயதில் வந்தது, யாரைக் கண்டால் பயம், யார் அடித்தார்கள் என்ற கதை முழுக்க அவரிடம்தான் இருக்கும்.

மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும். எல்லா நாயையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரை. அந்த நாட்களில் மனிதக் கையே படாமல் வளர்ந்து, இப்போது நாலைந்து வயதான நாய்க்கு நான்கு சுவர் என்பது சிறை. அது இருக்கும் இடம் ஓரளவு பாதுகாப்பாக இருந்து, சோறு போட ஆளும் இருந்தால், கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே இடத்தில் விடுவதே அதற்கு நல்லது. ஆனால் சாலை ஆபத்தானது, நாய்க்கு நோய், விரட்டுகிறார்கள், அல்லது ஒரு காலத்தில் மனிதரோடு வாழ்ந்த நாய் என்றால் மீட்பதில் அர்த்தம் இருக்கிறது.

அப்புறம் உங்கள் வீட்டைப் பாருங்கள். அடுக்குமாடியில் பெரும்பாலும் நாய்க்கு அனுமதி இல்லை. தரைவீடு என்றாலும் ஆண்டுதோறும் உரிமம் எடுக்க வேண்டும்: தீவில் பினாங்கு மாநகர் மன்றம், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றம். ஒரு வீட்டில் எத்தனை நாய் வைக்கலாம் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். என் எதிர் வீட்டு மக்சிக், அதாவது மலாய் அம்மா, முஸ்லிம். அவருக்கு நாயின் எச்சில் பட்டால் மத முறைப்படி மண் கரைத்த நீரில் ஒரு தடவையும் வெறும் நீரில் ஆறு தடவையும் கழுவ வேண்டும். அதனால் அவர் வாசல் பக்கம் நாயைக் கொண்டுபோவதில்லை, கயிற்றையும் குட்டையாகப் பிடித்துக்கொள்வேன். அந்த மரியாதையைப் பார்த்துத்தான், நான் ஊருக்குப் போகும்போது “நாய் குரைக்குதா, அழுதா” என்று வேலியோரம் நின்று கேட்டு எனக்கு அவரே தகவல் அனுப்புகிறார்.

சோறு, நேரம், ஒரு சத்தம்

தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே சத்தம். நான் தட்டில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவேன். நாலைந்து நாளில் அந்தச் சத்தத்துக்கே காது நிமிரும். மணம் வரும் சாப்பாடாக இருக்கட்டும்: அவித்த கோழி, ஈரல், சோற்றில் பிசைந்த மீன். முள்ளையும் வெந்த எலும்பையும் எடுத்துவிடுங்கள், வெந்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். மிச்சமான சாம்பார், குழம்பு வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். பாயசத்தில் கிடக்கும் திராட்சையும் நாய்க்கு விஷம்.

வைத்துவிட்டு விலகிப் போங்கள். கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள். நேராக நிற்காமல் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். நாய் வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள், வந்த பிறகு குனியவோ உட்காரவோ வேண்டாம். கையிலிருந்து ஊட்டும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். பசி முன்னே இழுக்கும், பயம் பின்னே இழுக்கும், நடுவில் மாட்டிக்கொண்ட நாய் சட்டென்று கடிக்கும். அதற்குப் பதிலாக ஒரு துண்டு நாய்க்கு முன்னால் போடுங்கள், அடுத்த துண்டு அதன் முதுகுக்குப் பின்னால் விழட்டும். தின்பதற்காக அது விலகிப் போகும், பிறகு தானாகத் திரும்பி வரும். விலகிப் போக முடியும் என்று தெரிந்த நாய்தான் துணிந்து கிட்டே வரும்.

அதன் உடம்பு சொல்வதையும் படியுங்கள். வாலை இடுக்குவது எல்லாருக்கும் தெரியும். தூக்கமே இல்லாத நேரத்தில் கொட்டாவி, சாப்பாடு இல்லாமலே உதட்டை நக்குவது, தலையைத் திருப்பாமல் கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, அப்படியே உறைந்து நிற்பது, இவைதான் பலர் கவனிக்காமல் விடுபவை. எல்லாமே “இதற்கு மேல் வராதே” என்பதுதான்.

பிடிக்கும் நாள்

துரத்தாதீர்கள், வலை வீசாதீர்கள், நாலு பேர் வளைக்காதீர்கள். துரத்தப்பட்ட நாய் நேராகச் சாலைக்குத்தான் ஓடும். அதோடு நீங்கள் நாலு வாரமாகச் சேர்த்த நம்பிக்கையும் போய்விடும்.

கூண்டுதான் நல்ல வழி. சோறு வைக்கும் இடத்தில் கதவைத் திறந்து கட்டிவைத்த கூண்டை ஒரு வாரம் விடுங்கள். தட்டை முதலில் கூண்டுக்கு வெளியே, பிறகு வாசலில், பிறகு உள்ளே, கடைசியில் உள்சுவரை ஒட்டி வையுங்கள். நாய் உள்ளே நின்று முழுதாகச் சாப்பிடும் அளவுக்குப் பழகியதும் கதவை மூடுங்கள். நாய் உள்ளே போய்க் காலால் அழுத்தினால் தானே மூடிக்கொள்ளும் பொறிக்கூண்டும் உண்டு. ஜெட்டி ஜெலுத்தோங்கில் இருக்கும் எஸ்பிசிஏ போன்ற விலங்கு நல அமைப்புகளிடம் கூண்டு பற்றியும் கருத்தடை பற்றியும் விசாரியுங்கள். எந்தக் கூண்டானாலும் ஒரு நிமிடம்கூட ஆளில்லாமல் விடாதீர்கள். நம் ஊர் வெயிலில் கூண்டுக்குள் மாட்டிய நாய் சீக்கிரமே சுருண்டுவிடும். விடியற்காலை நேரம் நல்லது. கதவு மூடியதும் மேலே கனமான துணியைப் போர்த்துங்கள், இருட்டானதும் துள்ளல் அடங்கும்.

இந்த இடத்தில் என் மனதில் இன்னமும் ஆறாத ஒன்றைச் சொல்கிறேன். நான் மீட்ட முதல் நாயைக் கழுத்துப் பட்டையும் கயிறும் மட்டும் போட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். காரிலிருந்து இறக்கியபோது பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆனது. நாய் பின்னால் நகர்ந்தது, தலையைக் குனிந்தது, பட்டை காதைத் தாண்டி வழுக்கி என் கையில் வந்துவிட்டது. இரண்டே நொடி. எட்டு நாள் தேடினேன், கிடைக்கவில்லை. அதன் பிறகு என் வீட்டில் ஒரு சட்டம்: பயந்த நாய் கூண்டோடுதான் காரில் ஏறும், கூண்டோடுதான் இறங்கும், அறைக் கதவைச் சாத்திய பிறகுதான் கூண்டு திறக்கும். தயவுசெய்து நீங்களும் இதையே செய்யுங்கள்.

கடி பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய் நோய் பரவியபோது இங்கே தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு உத்தரவிட்டது நினைவிருக்கும். நாய் கடித்தாலோ, கீறல் மேல் எச்சில் பட்டாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள் வைப்பதெல்லாம் வேண்டாம். அந்த நோயின் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை.

மருத்துவர்

வீட்டுக்குப் போகும் வழியிலேயே விலங்கு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நம் ஊர்த் தெருநாய்களிடம் உண்ணிக் காய்ச்சல் மிகச் சாதாரணம். ஈறு வெளுத்துப்போகும், சோர்ந்து படுக்கும், சிலதுக்கு மூக்கில் இரத்தம் வரும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரை ஏறக்குறைய நாலு வாரம் தொடர வேண்டும், நாய் தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். கொசுவால் வரும் இதயப்புழுவுக்கும் பரிசோதனை கேளுங்கள். பிறப்புறுப்பில் இரத்தம் கசியும் கட்டியைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள். நாய்க்கு நாய் தொற்றும் அந்தப் புற்றுக்கட்டி வாராவாரம் போடும் ஊசியில் பெரும்பாலும் கரைந்துவிடும். சொறிக்கு எஞ்சின் எண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது தோலை எரிக்கும், நாய் நக்கி உள்ளுக்கும் போகும். பனடோல் போன்ற நம் மாத்திரைகளையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் வேறு நாய் இருந்தால் புதியதை இரண்டு வாரம் தனியே வையுங்கள். பார்வோ போன்ற நோய் உள்ளே இருந்தால் அதற்குள் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். கருத்தடையை நாய் கொஞ்சம் தேறிய பிறகு மருத்துவரின் யோசனைப்படி செய்யலாம்.

முதல் மூன்று நாள்

ஒன்றும் செய்யாதீர்கள். இதுதான் புதியவர்களுக்கு மிகக் கடினமான படி.

வீட்டின் அமைதியான மூலை ஒன்று, கதவு திறந்த கூண்டு, மேலே போர்த்திய துணி, தண்ணீர், பழைய சாரம் (கைலி) ஒன்று. அவ்வளவு போதும். குளிப்பாட்டாதீர்கள். நாற்றம் அடிக்கும், தெரியும், அடிக்கட்டும். பிடித்து வைத்துத் தண்ணீர் ஊற்றுவது அந்த நாய்க்குக் கொலை முயற்சி மாதிரி. பார்க்க வரும் சொந்தக்காரர்களை அடுத்த மாதம் வரச் சொல்லுங்கள். பிள்ளைகள் இருந்தால் “அது தூங்கட்டும்” என்று சொல்லி அந்தப் பக்கம் விடாதீர்கள். முதல் நாள் சாப்பிடாமல் இருக்கும், எல்லாரும் படுத்த பிறகு நடுராத்திரியில் தட்டைக் காலி செய்யும். தண்ணீரும் குடிக்கவில்லை, ஒரு நாளுக்கு மேலாகியும் ஒன்றும் தொடவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். உள்ளேயே மூத்திரம் போகும், துடைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

கிரில் கதவின் இடைவெளியை அளந்து பாருங்கள். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். வெளிக் கேட்டைச் சாத்தாமல் வீட்டுக் கதவைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள், முக்கியமாகப் பார்சல் வரும்போது.

உட்கார்ந்திருக்கும் வேலை

அடுத்த வாரங்களில் செய்ய வேண்டியது உட்கார்ந்திருப்பதுதான். செவலை என்று ஒரு பெண் நாய் என்னிடம் வந்தது. சந்தையில் மீன் கழுவும் லோங்காங் (சாக்கடை) ஓரம் வளர்ந்தது. கூண்டின் பின்சுவரை முட்டிக்கொண்டு, மூக்கை மூலையில் புதைத்துப் படுத்தே கிடக்கும். நான் தினமும் மாலையில் அதற்கு முதுகைக் காட்டி இரண்டு மீட்டர் தள்ளித் தரையில் உட்கார்ந்து, தமிழ் நாளிதழைச் சத்தமாக, தாழ்ந்த குரலில் வாசிப்பேன். ராசிபலன், மரண அறிவிப்பு, எதுவானாலும். நடுநடுவே ஒரு துண்டு ஈரலைப் பார்க்காமலே பின்னால் வீசுவேன். முதல் வாரம் ஈரல் விழுந்த இடத்திலேயே கிடந்தது. இரண்டாம் வாரம் நான் எழுந்து போன பிறகு காணாமல் போனது. பத்தொன்பதாம் நாள், வாசித்துக்கொண்டிருந்தபோது முழங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. நான் திரும்பவில்லை, வாசிப்பதை நிறுத்தவும் இல்லை. திரும்பியிருந்தால் இன்னும் பத்தொன்பது நாள் ஆகியிருக்கும்.

தொடும் நாள் வந்தால் தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோகாதீர்கள், அது அடிக்க ஓங்கும் கை. தாடைக்குக் கீழே, நெஞ்சில், விரலின் பின்பக்கத்தால் மூன்று நொடி தடவிவிட்டு நிறுத்துங்கள். அது சாய்ந்து வந்தால் இன்னொரு மூன்று நொடி. விலகினால் சரி, இன்றைக்கு அவ்வளவுதான்.

“குரைக்கிற நாய் கடிக்காது” என்ற பழமொழியை இந்த விஷயத்தில் மறந்துவிடுங்கள். பயந்து குரைக்கும் நாய் கடிக்கும். அதேபோல உறுமலுக்கு ஒருபோதும் திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். உறுமல் நமக்குத் தரப்படும் எச்சரிக்கை. உறுமினால் அடி என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே பல்லைப் போடும்.

ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பூதம் இருக்கும். செவலைக்கு அது துடைப்பம். வேலைக்கு எடுத்தாலே சிறுநீர் விட்டுவிடும். துடைப்பத்தை அறையின் மறுகோடியில் தரையில் கிடத்தினேன், செவலை அதைப் பார்த்த நொடியில் கோழித் துண்டு கிடைக்கும். துடைப்பத்தை எடுத்து மறைத்தால் கோழியும் நின்றுவிடும். நாய் சாப்பிட மறுத்தால் துடைப்பம் கிட்டே வந்துவிட்டது என்று பொருள், பின்னால் நகர்த்துவேன். நாளுக்கு ஒரு சாண் என்று கிட்டே வந்தது. பிறகு சுவரில் சாய்த்து, பிறகு கையில் பிடித்து அசையாமல் நின்று, கடைசியாக ஒரே ஒரு தடவை பெருக்கி. இரண்டு மாதம் ஆனது. “பழகட்டும்” என்று துடைப்பத்தை நேரே மூக்கில் கொண்டுபோய் வைப்பவர்கள் உண்டு. நாய் உறைந்து நிற்பதைப் பார்த்துப் பழகிவிட்டது என்றும் நினைத்துக்கொள்வார்கள். அது பழகவில்லை, தப்ப வழியில்லை என்று விட்டுக்கொடுத்துவிட்டது.

பயம் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேரும். காலையில் மருத்துவர், மதியம் இடி, மாலையில் விருந்தாளி என்றால் இரவில் சின்னச் சத்தத்துக்கும் கடிக்கும். பெரிய அதிர்ச்சி ஒன்று நடந்தால் அடுத்த இரண்டு மூன்று நாள் எதையும் கற்றுத்தராமல் சும்மா விடுங்கள்.

வெளியே நடத்துவது

அவசரமே இல்லை. மாதக் கணக்கில் ஆனாலும் பரவாயில்லை. வீட்டுக்குள்ளேயே நெஞ்சைச் சுற்றிப் போடும் உடம்புப் பட்டையை (ஹார்னெஸ்) போட்டுப் பழக்குங்கள். வெளியே போகும்போது கழுத்துப் பட்டைக்கு ஒரு கயிறு, உடம்புப் பட்டைக்கு ஒரு கயிறு என இரண்டும் வேண்டும். பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும், மைக்ரோசிப்பும் போட்டுவிடுங்கள். ஆள் நடமாட்டம் தொடங்கும் முன் பத்து நிமிடம் போதும். தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாத சூடு அதன் பாதத்துக்கும் ஆகாது.

பட்டாசும் தேங்காயும் இடியும்

பினாங்கு நாய்க்கு இது தனிப் பாடம். தீபாவளி, சீனப் புத்தாண்டு, அதுவும் ஒன்பதாம் நாளுக்கு முந்தின இரவு ஹொக்கியன் மொழி பேசும் சீனர்கள் வானக் கடவுள் தி கோங் வழிபாட்டில் வெடிக்கும் பட்டாசு, தைப்பூசத்தில் ரதம் வரும் வழியெல்லாம் உடையும் தேங்காய், மேளம். முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் வீடு என்றால் அந்த நாட்களை நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்துவையுங்கள். அன்று பகலிலேயே நடத்தி முடித்துவிட்டு, சன்னல் குறைவான உள்ளறையில் காற்றாடியைச் சத்தமாக ஓடவிட்டு, திரையை இழுத்து, நாயை உள்ளே வையுங்கள். கட்டிப்போடாதீர்கள். உங்களிடம் ஒட்டிக்கொள்ள வந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள், ஆறுதல் சொன்னால் பயம் வளரும் என்பது தவறு. மிகவும் நடுங்கும் நாய்க்குப் பயத்தையே குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன, ஒரு வாரத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.

தப்பித்து ஓடிவிட்டால் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு பின்னால் ஓடாதீர்கள். ஓடிய இடத்தில் அது படுத்த சாரத்தையும் சாப்பாட்டையும் வைத்து, இரவிலும் விடியலிலும் உட்கார்ந்து காத்திருங்கள். தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் “பார்த்தால் துரத்தாதீர்கள், அழையுங்கள்” என்று ஒட்டுங்கள். மாநகர் மன்றத்தின் நாய்க் காப்பிடத்திலும் தினமும் கேளுங்கள். யாராவது அடித்துத் துன்புறுத்துவதைக் கண்டால் படம் எடுத்துக் கால்நடை சேவை இலாகாவில் புகார் கொடுங்கள். 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி அதற்கு 20,000 முதல் 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு.

வேறு வீட்டுக்குக் கொடுக்கும்போது

மூன்று நாளில் மூச்சு விடும், மூன்று வாரத்தில் வீட்டின் வழக்கம் புரியும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று நம்பும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பயந்த நாய்க்கு இதை இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வளர்க்கக் கேட்டு வருபவரை ஒரே தடவையில் அனுப்பாதீர்கள். நாலைந்து முறை வந்து உட்காரட்டும், நாய் எழுந்து அவர் பக்கம் போகும்வரை. பிறகு நீங்களே கொண்டுபோய் விடுங்கள், அவர் வீட்டுக் கேட்டை உங்கள் கையால் ஆட்டிப் பாருங்கள். அதன் பூதம் எது, எங்கே தொடலாம், எந்தச் சத்தத்துக்குச் சாப்பிட வரும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நாயின் பழைய சாரத்தைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள்.

எந்த மொழியில் பழகியது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். செவலை இப்போது ஆயர் ஈத்தாமில் ஒரு சீன ஆன்ட்டி வீட்டில் இருக்கிறது. ஹொக்கியனில் கூப்பிட்டால் காதைக்கூட அசைக்கவில்லை என்று முதல் வாரம் கவலைப்பட்டார். நான் நாலு சொல்லைக் குரல்பதிவாக அனுப்பினேன்: வா, உட்காரு, சாப்பிடு, ஒண்ணுமில்லம்மா. போன மாதம் இடி இடித்த ஒரு ராத்திரி அவரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பின்னால் மழைச் சத்தம், முன்னால் அவர் குரல், மெதுவாக, திரும்பத் திரும்ப: “ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மா.”